மாப்ளே, எல்லாத்தையும் கொட்டிட்டியா?

வா மாப்ளே, உக்காரு. காபி வருது. நம்ம ஊருக்குன்னு நீ ஒரு ஆப் செஞ்சிருக்கியாமே! உங்க அம்மா நாலு தெருவுக்கும் சொல்லியாச்சு, "எம்புள்ள ஊரையே போனுக்குள்ள போட்டுட்டான்"னு. தங்கச்சி பேச்சைத் தட்ட முடியுமா? நானும் பேரனை விட்டு என் போன்ல ஏத்தச் சொல்லிப் பாத்தேன். பிரமாதம். தங்கம் விலை இருக்கு. ராசிபலன் இருக்கு. மேட்டூர்ல எத்தனை அடி, எத்தனை டிஎம்சி, எல்லாம் புள்ளி வெச்சு இருக்கு. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் தெப்பம் போட்டோ இருக்கு, அதுல ஒரு ஓரத்துல உன் தலையும் இருக்கு. நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி முறை என்னைக்குன்னு மட்டும்தான் நான் தேடினது.

அதுவும் இருக்குங்கறே. இல்லேன்னு நான் சொல்லவே இல்லியே. எங்கேன்னு கேட்டா என் கையிலேருந்து போனை வாங்கி, மேலே நாலு தேய்ப்பு, கீழே ரெண்டு தேய்ப்பு, "தோ பாருங்க மாமா"ங்கறே. ஆகக்கூடி ஆப்போட ஒரு ஆளும் சேந்து வேணும். அந்த ஆளு நீ. நீ ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயிலேறிச் சென்னை போயிடுவே. செவ்வாக்கிழமை விடியக்காலம் எனக்கு முறை தெரியணும்னா நான் யார் கையைப் புடிக்கறது?

மூஞ்சியைச் சுருக்காதே. குத்தம் சொல்ல வரல. நீ தெரியாமச் செஞ்ச காரியத்தை விவரமானவன் வேணும்னே செய்வான். அந்த வித்தையைச் சொல்லித் தரேன், வெச்சுக்க. ஒரு சேதி யாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னா அதைப் பெட்டியில வெச்சுப் பூட்டாதே. பூட்டைக் கண்டாலே நம்ம ஜனத்துக்குக் கை அரிக்கும். அதைச் சுத்தி இன்னும் ஆயிரம் சேதியைப் போடு. ஒரு பய கிட்ட வரமாட்டான்.

பக்கத்து ஊர்ல ஒருத்தர், என் வயசுதான், வாய்க்கால் தூர் வாரின செலவுக் கணக்கைக் கேட்டு ஒரு ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டாரு. மனுவுக்கு 10 ரூபா. அவங்க தரமாட்டேன்னா சொன்னாங்க? சொல்லல. பக்கத்துக்கு 2 ரூபா வீதம் கட்டச் சொன்னாங்க, கட்டினாரு. ஒரு கட்டு வந்து எறங்குச்சு. ஊர்ல உள்ள வாய்க்கால் அத்தனையும் அதுல இருக்கு. அவர் வாய்க்காலும் இருக்கத்தான் இருக்கும். மனுஷனுக்குக் கண்ணுல புரை. கட்டை அவுக்காமலே பரண்ல போட்டுட்டாரு. கேட்டவருக்குக் குடுத்தாச்சு, கேட்டது கிடைக்கல, சட்டமும் மீறல. எப்படி இருக்கு ஜோடனை? இத்தனைக்கும் 2005ல வந்த அந்தச் சட்டத்தோட 4வது பிரிவைப் பாத்தா, ஆபீஸ்காரங்க ஆவணங்களைப் பட்டியல் போட்டு, அட்டவணை போட்டு வெச்சிருக்கணும்னு எடுத்த எடுப்புலயே எழுதியிருக்கு. குடுக்கறதைப் பத்திப் பேசறதுக்கு முன்னால அடுக்கறதைப் பத்தித்தான் பேசியிருக்கான் சட்டம் எழுதினவன். அவன் நம்மாளுங்களை நல்லாப் பாத்தவன் போலிருக்கு.

ஆப்புக்கு முந்தி நீ ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினியே, அதை மறந்துட்டேன்னு நினைச்சியா? விடிகாலம் அஞ்சு மணிக்கு ரோஜாப்பூ. அஞ்சே காலுக்கு முருகர். ஆறுக்குச் சர்க்கரை வியாதி மூணு நாள்ல போறதுக்குக் கஷாயம். அதுக்குக் கீழே எழுபது பேர் கை கூப்பிக் கும்பிடறான், கஷாயத்துக்கா முருகருக்கான்னு தெரியல. அறுப்பு சமயத்துல, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லு எடுக்க மாட்டோம்னு சொல்லியிருந்தாங்க. அப்புறம் தளர்த்தினாங்க. அந்தத் தளர்த்தின சேதி நம்ம குழுவுல வந்துது, நான் மறுக்கல. ரோஜாப்பூவுக்கும், எவனோ ஒருத்தனோட பிறந்தநாள் கேக்குக்கும் நடுவுல வந்துது. மேலத்தெரு ஆளு ஒருத்தர் அது தெரியாம நெல்லை ரோட்டுல இன்னும் ரெண்டு நாள் காயப்போட்டாரு. மூணாம் நாள் மழை. அவர் அந்தக் குழுவுல இருந்தவர்தான், காலையில முருகரைக் கும்பிட்டவர்தான். விதை நெல்லையும் சோத்து நெல்லையும் ஒரே குதிர்ல கொட்டி வெச்சுட்டு, விதைக்கிற அன்னைக்குப் பொறுக்கிக்கலாம்னு இருக்கறவனை என்ன சொல்லுவோம்? ஊர்ல அவனுக்குப் பேரு வேற. போன்ல செஞ்சா அட்மின்.

சரி, குத்தினது போதும். தலைக்கு மேல பாரு, சுவத்துல. தினசரி காலண்டர். அதை யாரும் ஆப்புன்னு சொல்றதில்ல, ஆனா அதுதான் நான் பாத்ததுலயே கெட்டிக்காரச் சாமான். சிவகாசிக்காரன் ஆடிப்பெருக்கு அன்னைக்கே அடுத்த வருஷத்து மாதிரியை வெளியிட்டுடறான். அந்தத் தாளைக் கொஞ்சம் உத்துப் பாரு. தேதி எவ்வளவு பெருசு? எனக்குக் கண்ணாடி வேண்டாம், வாசல்லேருந்தே தெரியும். அதுக்கடுத்த பெருசு கிழமை. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் கொஞ்சம் சின்னது, கிட்டப் போயிப் பாக்கணும். திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் அதைவிடச் சின்னது, அது வேணுங்கறவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நின்னு பாப்பாங்க. எதை எத்தனை பேர் தேடுவாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் எழுத்தோட அளவை வெச்சிருக்கான். உன் ஆப்புல எல்லாம் ஒரே அளவு. தங்கம் விலையும் தண்ணி முறையும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிக்குது.

இன்னொண்ணு பாரு. ராகு காலம் ஒரு கிழமைக்கு ஒண்ணுதான், வாரா வாரம் மாறாது. திங்கக்கிழமைன்னா ஏழரை ஒம்பது, எந்தத் திங்கக்கிழமையும் ஏழரை ஒம்பதுதான். "முதல் பக்கத்துல ஒரு தடவை போட்டாச்சு, பாத்துக்குங்க"ன்னு விட்டிருக்கலாம். மை மிச்சம், எடம் மிச்சம். அவன் ஒவ்வொரு தாள்லயும் அச்சடிக்கறான். ஏன்? பொண்ணு பாக்கக் கிளம்பறவன் தாளைப் புரட்டிக்கிட்டு நிக்க மாட்டான். அவன் கண்ணு எந்தத் தாள்ல விழுமோ அந்தத் தாள்லயே இருக்கணும். வருஷத்து முகூர்த்த நாள் மொத்தமும் வேணும்னா அது வேற ஆள், பொண்ணுக்கு நாள் குறிக்கறவர். அவருக்குத் தனியா அட்டையில போட்டு வெச்சிருக்கான். இன்னைக்குப் பொழுது போனதும் தாளைக் கிழிச்சுடறோம். கிழிச்ச தாள்ல உங்க அத்தை பால் கணக்கு எழுதுவா. உன் ஆப்புல எதையாவது கிழிக்க வழி இருக்கா? மூணு வருஷத்துக்கு முந்தின கபடிப் போட்டி நோட்டீசு இன்னும் தொங்குது. அந்தக் கபடியில ஆடினவன் ஒருத்தனுக்கு இப்ப ரெண்டு புள்ள.

"தேடுற வசதி வெச்சிருக்கேன் மாமா"ங்கறியா? அதையும் பாத்தேன். "தண்ணி முறை"ன்னு பேரன் அடிச்சான். ஒண்ணும் இல்லைன்னு வந்துது. ஒண்ணும் இல்லாம இல்ல, "முறைப்பாசனக் கால அட்டவணை"ன்னு வெச்சிருக்கே. நல்ல தமிழ், கேக்கக் காது குளிர்ந்துது. இந்த ஊர்ல எவன் வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து நீ கேட்டே? ஆபீஸ்காரன் காகிதத்துக்கு வெச்ச பேரையே நீயும் வெச்சுட்டே. தேடுறவன் அவன் வீட்டுல பேசற வார்த்தையைத்தான் அடிப்பான்.

மாயவரத்தைப் பாரு. 1982ல மயிலாடுதுறைன்னு ஆக்கியாச்சு. நல்ல பேருதான், பழைய பேருதான். ஆனா உங்க அத்தை இன்னைக்கும் "மாயவரம் பஸ்ஸு வந்துருச்சா"ன்னுதான் கேப்பா. ரயில்வேக்காரனைக் கேளு, அந்த ஸ்டேஷனுக்கு அவன் வெச்சிருக்கற குறி எம்.வி. மாயவரத்தோட எம், வி. சீர்காழிக்கு எஸ்.ஒய்., வெள்ளக்காரன் ஷியாளின்னு எழுதின காலத்து மிச்சம். போர்டுல புதுப் பேரு, கணக்குல பழைய பேரு, ரெண்டுல எதைச் சொன்னாலும் வண்டி அங்கேதான் போய் நிக்கும். உன் ஆப்புல மாயவரம்னு அடிச்சா என்ன வரும்? ஒண்ணும் வராது. ஒரு ஊரையே இல்லைன்னு சொல்லிப்புட்டே மாப்ளே. அங்கேதான் உனக்குப் பொண்ணு பாக்கறாங்க.

அந்த அட்டவணையும் போட்டோ. ஆபீஸ் சுவத்துல ஒட்டினதை நீ சாய்ச்சுப் புடிச்சு எடுத்த போட்டோ. படத்துக்குள்ள கிடக்கற எழுத்தை உன் தேடுற வசதி படிக்கலியே. இன்னொரு காகிதம் வெச்சிருக்கே, அது ஏதோ பழைய எழுத்துருவுல அடிச்சது. கண்ணுக்குத் தமிழு, மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்துச் சிதறல். வானவில்னு ஒண்ணு, பாமினின்னு ஒண்ணுன்னு ஆளுக்கொரு எழுத்துருவுல அடிச்சுத் தள்ளின காலம் அது. 2010லயே ஒருங்குறியில அடிங்கன்னு தமிழ்நாட்டு அரசாங்கம் உத்தரவு போட்டுது. அதுக்கப்புறமும் பழக்கம் போகல. ஆக அந்தக் காகிதம் பத்திரமா இருக்கு, யாருக்கும் அகப்படாம. மேலே சொன்ன வித்தையை உனக்கு நான் சொல்லித் தரவே வேண்டியதில்ல.

அப்போ எப்படித்தான் அடுக்கறதுங்கறே. இப்பத்தான் கேக்க வேண்டியதைக் கேட்டே. நம்ம நிலத்தையே எடுத்துக்க. தரையில இருக்கறது ஒரு துண்டு. காகிதத்துல அது மூணு எடத்துல இருக்கு. அ-பதிவேடுன்னு ஒண்ணு, புல எண் வரிசை. நம்பர் தெரிஞ்சவன் அதைப் புரட்டினா, நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு பரப்பு, யார் பேர்ல பட்டா, எல்லாம் வந்துரும். சிட்டான்னு ஒண்ணு, அது ஆள் வழி. பட்டாதாரர் பேருக்குக் கீழே அவருக்குன்னு ஊர்ல எங்கெங்கே துண்டு கிடக்குதோ அத்தனையும் ஒரே எடத்துல நிக்கும். பாகம் பிரிக்கற அன்னைக்கு அதுதான் வேணும். அடங்கல்னு ஒண்ணு, அது சாகுபடி வழி. இந்தப் பசலியில அந்தத் துண்டுல என்ன போட்டிருக்கான், குறுவையா, சம்பாவா, உளுந்தா, தரிசான்னு சொல்லும். பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அதைத்தான் கேப்பாங்க. நம்பர் தெரிஞ்சவன் ஒரு வாசல்ல வருவான், பேரு தெரிஞ்சவன் இன்னொரு வாசல்ல வருவான், பயிர் என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டியவன் மூணாவது வாசல்ல வருவான். நீ என்ன செஞ்சே? ஒரே வாசல். "கடைசியாப் போட்டது மேலே." அது யாருக்கு வழி? போட்டவனுக்கு. போட்டவனுக்குத்தான் எதைக் கடைசியாப் போட்டோம்னு தெரியும்.

இந்த மாதிரி வாசல் வைக்கறது புதுசும் இல்ல. எங்க தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்துல நிகண்டு நெட்டுருப் பண்ணினவர். சூடாமணி நிகண்டுல 11வது தொகுதி எதுகை வரிசையில போகும். நெட்டுருப் பண்ணினவனுக்கு அது தேன், ஒண்ணைச் சொன்னா அடுத்தது நாக்குலயே வரும். நெட்டுருப் பண்ணாதவன் என்ன செய்வான்? வீரமாமுனிவர் 1732ல சதுரகராதி எழுதினாரே, அதுல அகரவரிசை. பேரு வழியா ஒரு பகுதி, பொருள் வழியா ஒண்ணு, தொகை வழியா ஒண்ணு, தொடை வழியா ஒண்ணு. வெளியிலேருந்து வந்த மனுஷன், தமிழைத் தேடித் தேடிப் படிச்சவர். தேடினவனுக்குத்தான் தேடுறவன் கஷ்டம் தெரியும். உன் ஆப்பு நெட்டுருப் பண்ணினவனுக்கான ஆப்பு. நெட்டுருப் பண்ணினவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்.

கணக்குப்பிள்ளை காலத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா பதிவேடு இருந்துட்டா போதும்னு நினைச்சுப்பே. அவர்கிட்ட அந்த மூணு கணக்கும் இருந்துது, அழகான கையெழுத்து. ஆனா அது இருந்தது அவர் வீட்டுப் பெட்டியில. வாழைத்தாரோட போனாத்தான் பெட்டி திறக்கும். நல்லா அடுக்கின சாமானையும் வழி மறிச்சு உக்காந்துக்கிட்டா அதுல ஒரு வருமானம் இருக்கு பாரு. 1980ல எம்ஜிஆர் அந்தப் பரம்பரைப் பதவியை எடுத்துட்டு, கிராம நிர்வாக அலுவலர்னு பரீட்சை எழுதி வந்த ஆளைப் போட்டாரு. இப்ப நீ என் போனை வாங்கித் தேய்க்கறப்ப எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளை ஞாபகம்தான் வருது. வாழைத்தார் வேணும்னா சொல்லு, கொல்லையில ஒண்ணு தள்ளியிருக்கு.

இன்னொரு பெரிய மனுஷனைப் பத்தி உனக்குச் சொல்லியாகணும். அவரும் நம்ம பக்கத்து ஆளு, சீர்காழி. 1892ல பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்தவரை 1924ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரா வேலைக்கு எடுத்தாங்க. போய் உக்காந்தாரு. வேலையே இல்ல. ஒரு வாரம் தாங்கல மனுஷனுக்கு, "என்னைப் பசங்ககிட்டயே அனுப்பிடுங்க"ன்னு கெஞ்சினாரு. சீமைக்குப் போய் நூலகத் தொழிலைப் படிச்சுட்டு வாங்க, அப்புறமும் பிடிக்கலேன்னா பாத்துக்கலாம்னு லண்டனுக்கு அனுப்பினாங்க. அங்கே ஊர் ஊரா நூலகம் நூலகமாச் சுத்தினாரு. ஒரு கடையில மெக்கானோன்னு ஒரு விளையாட்டுச் சாமான், அதே துண்டு துண்டுத் தகட்டை வெச்சு ஒரு நேரம் பாலம், ஒரு நேரம் வண்டின்னு மாட்டிக் காட்டறதைப் பாத்தாரு. நீயும் நானும் பாத்திருந்தா புள்ளைங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்போம். அவர் புத்தகத்தை அடுக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சுட்டு வந்தாரு.

அதுக்கு முந்தி ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்கூட்டியே ஒரு பொந்து போட்டு வெச்சு, வர்ற புத்தகத்தை அதுக்குள்ள திணிச்சாங்க. இவர், விஷயத்தை அஞ்சு பக்கமாப் பிரின்னாரு. எது, எதால ஆனது, என்ன நடக்குது, எங்கே, எப்போ. நம்ம பாஷையில சொல்லணும்னா, நெல்லு, வைக்கோல், பதப்படுத்தறது, திருவாரூர், 2024. துண்டுகளை அப்பப்ப மாட்டிக்கலாம், புது விஷயம் வந்தா புதுப் பொந்து தோண்ட வேண்டியதில்ல. 1933ல கோலன் பகுப்புமுறைன்னு முதல்ல அச்சுல வந்துது, அஞ்சு பக்கம்னு தெளிவா வகுத்தது அதுக்கப்புறம். உலகம் பூரா நூலகம் படிக்கறவன் இன்னைக்கும் அதைப் படிக்கறான். கம்ப்யூட்டர் கண்ணால பாக்காத காலம், மாப்ளே.

அதைவிட எனக்குப் புடிச்சது அவரோட அஞ்சு விதி, 1931ல புத்தகமா வந்தது. அதுல நாலாவது, வாசகனோட நேரத்தை மிச்சம் பண்ணுங்கறது. நூலகரோட நேரத்தைன்னு சொல்லல பாத்தியா. நூலகர் கிடந்து மண்டையை ஒடைச்சுக்கட்டும், ராத்திரி பகலா அட்டை எழுதட்டும், வர்றவன் சுளுவாப் புத்தகத்தோட போகணும். அவரே அப்படித்தான் வருஷக்கணக்கா லீவு இல்லாம வேலை பாத்தாரு. நீ ஒரு போட்டோவை அரை நிமிஷத்துல ஏத்திட்டு உன் நேரத்தை மிச்சம் பண்ணிக்கிட்டே. ஊர்ல முந்நூறு பேர் அதை ஆளுக்குக் கால் மணி நேரம் தேடறான். உனக்கு மிச்சம் அரை நிமிஷம், ஊருக்கு நஷ்டம் எத்தனைன்னு நீயே பெருக்கிக்க, நீதான் இஞ்சினீயர்.

மூணாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகன். புத்தகம் சும்மா உக்காந்திருக்கக் கூடாது, தன் ஆளைத் தேடிப் போகணும். இதைப் பேச்சோட விடல. அதே 1931ல நம்ம மன்னார்குடி மேலவாசல்லேருந்து மாட்டு வண்டியில புத்தகத்தை அடுக்கிக் கிராமத்துக்கு ஓட்டினாங்க. வண்டியில எத்தனை புத்தகம் கொள்ளும்? கொஞ்சம்தான். அதனால எந்த ஊருக்கு எது போகணும்னு பொறுக்கித்தான் ஏத்தியாகணும். உன் வண்டிக்கு அடியே இல்ல, அதான் பொறுக்கற புத்தியும் வரல. 1948ல சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததுக்கும் அவர்தான் பின்னால இருந்தாரு. வீட்டு வரியோட நூலக வரி கட்டறோமே, நம்ம கிளை நூலகத்துல நான் ஓசியில பேப்பர் படிக்கறேனே, எல்லாம் அந்த வழியில வந்தது.

இப்ப நீ வாயைத் திறக்கப் போறே, தெரியும். "அதெல்லாம் பழசு மாமா, இப்ப ஏஐ இருக்கு, வாயால கேட்டாச் சொல்லிடும்." சொல்லும்டா மாப்ளே. அதுவும் நீ கொட்டினதைத்தானே படிச்சுட்டுச் சொல்லணும்? உன் ஆப்புல சம்பா பயிர்க் காப்பீட்டு நோட்டீசு ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் கடைசித் தேதி வேற வேற, ரெண்டுலயும் வருஷம் போடல. ஒண்ணுக்குத் தலைப்பு "புதிய அறிவிப்பு". இன்னொண்ணுக்கு "புதிய அறிவிப்பு புதியது". உன் ஏஐ ரெண்டுல ஒண்ணை எடுத்து, மைக் வெச்ச அரசியல்வாதி கணக்கா அடிச்சுச் சொல்லும். பணம் கட்டப் போனவன் கவுன்ட்டர்ல நிப்பான். புதுசுங்கறது ஒரு தேதியா? மன்னார்குடிப் பக்கம் எத்தனை புதுத்தெரு இருக்கு, போய்ப் பாரு, அதுல இருக்கற வீடெல்லாம் எங்க பாட்டன் காலத்துது. அடங்கலைப் பாத்தியா, ஒவ்வொண்ணுலயும் பசலி போட்டிருக்கும். 2024 ஜூலையில தொடங்கினது பசலி 1434. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் எடுத்துப் பாத்தாலும் எந்த வருஷத்துச் சாகுபடின்னு கேக்க ஆள் தேட வேண்டாம்.

ஆள் தேடறதுன்னதும் ஞாபகம் வருது. உனக்குக் கூரியர் வந்துதே போன வாரம், அந்தப் பையன் தெரு முனையில நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்றான், "ஐயா, எந்த எடம், என்ன அடையாளம்"னு. வேப்பமரம்னேன், வேப்பமரத்தை வெட்டி வருஷம் ஆகுதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல ராஜராஜன் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கோயில் சேவைக்குன்னு கொண்டாந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோட பட்டியல். ஒவ்வொருத்திக்கும் பேரு, எந்த ஊர்க் கோயில்லேருந்து வந்தவ, எந்தத் தெரு, எந்தச் சிறகு, வரிசையில எத்தனாவது வீடு, பங்கு எத்தனை, எல்லாம் கல்லுல வெட்டியிருக்கு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால நெல்லு அளக்கப் போனவன் எந்த வீட்டு வாசல்லயும் நின்னு "அம்மா, என்ன அடையாளம்"னு கத்தியிருக்க மாட்டான். அந்தப் பொம்பளைங்களை எங்கெங்கேயிருந்தோ கொண்டாந்து குடிவெச்சாங்களே, வர இஷ்டமான்னு கேட்டாங்களான்னு கல்வெட்டுல இல்ல. அது வேற வழக்கு, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அடுக்கின கையை மட்டும் மெச்சறேன்.

இன்னொரு கை கும்மோணத்துக் கை. உ.வே.சாமிநாதையர் அங்கே காலேஜ்ல வாத்தியாரா இருந்துக்கிட்டே 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டாந்தாரு, 1894ல புறநானூறு. ஏடு தேடி அலைஞ்ச கதையை எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குப் புத்தகத்தோட வாலைப் பாக்கத்தான் புடிக்கும். பாட்டோட முதல் குறிப்புக்கு அகராதி, அரும்பதத்துக்கு அகராதி, உரையில வர்ற மேற்கோள் எந்த நூல்லேருந்துன்னு விளக்கம். சில பதிப்புல இன்னும் ஒண்ணு சேத்திருப்பாரு, விளங்கா மேற்கோள்னு. எந்த நூல்னு தன்னால கண்டுபிடிக்க முடியாததுக்கும் ஒரு பட்டியல்! அடுத்து வர்றவன் அதே எடத்துல மறுபடி தேடி வருஷத்தைத் தொலைக்க வேண்டாம் பாரு. உன் ஆப்புல இல்லாத ஒண்ணைத் தேடினா என்ன ஆகுது தெரியுமா? இல்லைன்னு சொல்லாது. "இதையும் பாருங்கள்"னு தங்கம் விலை, ராசிபலன், கபடி. ரேஷன் கடை இன்னைக்கு உண்டான்னு கேட்டவனுக்குத் துலா ராசிக்குத் தனவரவுன்னு பதில். இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சியைப் பாத்துச் சொல்லு, அவன் கடைக்கு ஒரு நடை நடந்து பாத்துட்டு வந்துருவான்.

சரி, இப்ப என்ன செய்யலாம்னு கேட்டா, நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. ஆனா இந்த வீட்டுல பரீட்சை வைக்க ஆள் இருக்கு. அடுப்படியில இருக்கா பாரு உங்க அத்தை. அவகிட்ட உன் போனைக் குடு. "நம்ம வாய்க்காலுக்கு அடுத்த முறை என்னைக்குன்னு பாத்துச் சொல்லுங்க அத்தை"ன்னு மட்டும் சொல்லு. அதுக்கப்புறம் நீ வாயைத் திறக்கப்படாது. விரலை நீட்டப்படாது. "அங்க இல்ல அத்தை, மேலே"ன்னு முணுமுணுக்கப்படாது. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, அவ எங்கெங்கே அழுத்தறா, எந்த வார்த்தையை அடிக்கறா, எங்கே முழிக்கறான்னு பாத்துக் குறிச்சுக்க. அவ வாயிலேருந்து வர்ற வார்த்தை ஒவ்வொண்ணையும் எழுதிக்க, திட்டு உட்பட. அதுதான் உன் ஆப்புல வைக்க வேண்டிய பேரு.

அவ ராசிபலன்ல போய் உக்காந்துட்டா தடுக்காதே. கடகத்துக்கு இந்த வாரம் எப்படின்னு எனக்கும் தெரியணும். போ, போ, மீன் கழுவ உக்காந்துட்டான்னா கை ஈரம், போனைத் தொட மாட்டா.